உப்பு பாட்டிலைத் திறக்காதே

அன்பு மகள் சிட்டுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் நலம், என் நலம் மட்டும் இன்று மத்தியானத்தோடு நின்றுவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால்தான் அது திரும்பும். முதலில் விஷயம், சித்தி பார்சலில் அனுப்பிய உப்பு பாட்டிலைத் திறக்காதே, அது உப்பே இல்லை.

பள்ளிக்கூட ஆய்வகம் என் கையில்தான் ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும், வாத்தியார்கள் பாடம் நடத்துவார்கள், அவ்வளவுதான். சோடாப்புட்டி டீச்சர் மயில்துத்தம் வறுத்ததை ஒரே ஒருமுறை பார்த்தேன், வித்தை என் கைக்கு வந்துவிட்டது. அந்த நீலக் கல்லை வறுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் தண்ணீர் ஓடிப்போய் வெள்ளைப் பொடியாகிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சுரீரென்று சூடேறி மறுபடி நீலம். கொஞ்சம் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய வாணலியில் நானே வறுத்தேன், என் வெள்ளைக்கு முன்னால் டீச்சருடையது அழுக்கு. அதை ஒரு காப்பித்தூள் பாட்டிலில் போட்டு, அதே மாதிரி இருந்த உப்பு பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெயர் எழுதி ஒட்டுவது மறதிக்காரர்கள் வேலை என்று நினைத்துவிட்டேன்.

இன்று நம் தெரு கம்பவுண்டர் வீட்டுக்கு வந்தார். பொடியை நீலமாக்கிக் காட்டுகிறேன் பாரும் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுச் சொட்டு விட்டேன். வெள்ளையாகவே கரைந்தது. ஒரு கரண்டி விட்டேன், அப்படியேதான். வித்தைக்காரரே, இது சமையலுக்குப் போடுற உப்புய்யா என்றார். அப்போ இன்னொரு பாட்டில் எங்கே என்று சித்தியைக் கேட்டதற்கு, உங்க பொண்ணுக்குத்தான் அனுப்பிட்டேன், அந்த ஊர் உப்புல உப்பே இல்லையாமே என்றாள்.

பார்சல் நேற்றே சேர்ந்திருக்கும். நூறு முறை போன் போட்டேன், சரி, பதினாறு முறை. மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், அதையும் நீ பார்க்கவில்லை, அதனால் இருப்பதிலேயே வேகமான தபாலில் இதையும் போடுகிறேன். பாட்டில் ஓரத்தில் நீலம் பூத்திருக்கும், ஈரக்காற்றே அதற்குப் போதும். ருசி பார்க்காதே, மயில்துத்தம் விஷம், கட்டி எடுத்து வை. ஏற்கெனவே வாயில் பட்டிருந்தால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று உட்காராமல் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடு. யார் செய்தது என்று கேட்டால் என் சித்தப்பா ஒரு முட்டாள் என்று சொல், எனக்கு வருத்தமில்லை.

சித்தி அழுதுகொண்டே இருந்தாள். அவளைத் தேற்றுவதற்காக, நீ போனை எடுத்தாய், சிரித்தாய், பாட்டிலை இன்னும் பிரிக்கவே இல்லை என்று சொன்னாய் என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டாள், இப்போது தூங்குகிறாள். நான் எவ்வளவோ கதை அளந்திருக்கிறேன், இந்த ஒன்றை மட்டும் நீ நிஜமாக்கிவிடு மகளே.

நோய்நொடி அண்டாமல் நூறாண்டு இரு. போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
போன் மணிக்குக் காத்திருக்கும்
சித்தப்பா