எந்த சபை என்று கேட்டுவிட்டேன்

துவாரகா, புது டெல்லி
சனிக்கிழமை காலை

அன்பு மகள் சுஜாதாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் உன் தம்பி ஜெகனும் சுகமாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் வேண்டியிருக்கிறது, பதினொரு நாளாக நீ போனை எடுக்கவில்லையே. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுவதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஜெகன் உனக்கு முறுக்கும் ஊறுகாயும் பார்சல் அனுப்புகிறான், அதற்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன், இதை நீ பாதியில் கட் பண்ண முடியாது பார். புசா ரோடு பள்ளிக்கூடத்தில் உன்னைத் தமிழ் படிக்க வைத்தது இன்றைக்குத்தான் எனக்கு உதவுகிறது. இங்கே குளிர் விட்டுவிட்டது, லிஃப்ட் மறுபடியும் ரிப்பேர், என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாகப் போனில் நீ சொன்னாய், அப்பா தவறிய பிறகு சர்ச் வாசல் வரை போய்ப் போய்த் திரும்பிவிட்டேன் அம்மா, இப்போது ஒருத்தி கூட வருகிறாள், போன ஞாயிறு உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம் என்று. எவ்வளவு பெரிய விஷயம் அது. அதற்கு நான் கேட்ட முதல் கேள்வி, அவள் எந்த ஊர், எந்த சபை. நம் ஆட்கள் பரலோக வாசலில் வரிசையில் நின்றாலும் பக்கத்தில் நிற்பவரிடம் இதைத்தான் கேட்போம். நீ கோபித்துக்கொண்டதில் தப்பே இல்லை. தகாத சிநேகிதம் பிடித்து நீ விசுவாசத்தை விட்டுவிடுவாயோ என்கிற பயம் எனக்கு, அந்தப் பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

உனக்குச் சொல்லாமல் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன். அப்பா போன பிறகு ஆறு மாதம் நானும் சர்ச்சுக்குப் போகவில்லை. உன்னிடம் போனில் பிரசங்கம் நன்றாக இருந்தது என்று சொன்னதெல்லாம் பொய். சபையிலிருந்து வந்தார்கள், வசனம் சொன்னார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள், நான் அசையவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடி நர்ஸ் தமிழ்செல்வி பெல் அடித்து, ஆன்ட்டி மெட்ரோல தனியா போக பயமா இருக்கு, உங்க சர்ச் வரைக்கும் கூட வாங்களேன் என்றாள். பாவம் என்று போனேன். அடுத்த வாரமும் அதே பயம், அதற்கடுத்த வாரமும். பக்கத்தில் உட்காருவாள், நான் அழுதால் கர்ச்சீப் தருவாள், ஒரு புத்தியும் சொல்ல மாட்டாள். நாலாவது மாதம் நானே பாட ஆரம்பித்துவிட்டேன்.

நீ போனை வைத்த பிறகு எனக்கு ஒரே யோசனை, இந்தத் தமிழ்செல்வியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று. அப்பா என்னை சிஐடி என்பாரே, அந்த நான் இரண்டு வருஷமாக இவளிடம் எதையும் கேட்கவில்லை. வியாழக்கிழமை கேட்டேன், நீ ஏன் ஒருநாளும் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்து வருவதில்லை என்று. சிரித்துவிட்டாள். நான் ஆர்.சி. ஆன்ட்டி, ரோமன் கத்தோலிக், உங்க சபை இல்ல, காலைல ஆறு மணி பூசைக்குப் போயிட்டுத்தான் உங்களக் கூப்பிட வருவேன் என்றாள். அப்படியானால் அந்த மெட்ரோ பயம் என்று கேட்டேன். நைட் டூட்டி முடிச்சு ஆட்டோல தனியா வர்றவளுக்கு மெட்ரோல என்ன பயம் என்றாள். சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதனால் இப்போது வேறு கேள்விகள் கேட்கிறேன், பதில் எழுது. உன் சிநேகிதியோடு இருந்துவிட்டு வந்தால் உனக்கு ஜெபிக்கத் தோன்றுகிறதா? நீ பாட்டுக்குச் சோர்ந்து கிடந்தால் வந்து கதவைத் தட்டுகிறாளா? தப்பு செய்தால் முகத்துக்கு நேரே சொல்கிறாளா? சத்தமாகச் சிரிப்பாளா, காரம் சாப்பிடுவாளா? ஊர் சுற்றக் கூப்பிடுகிற சிநேகிதர்களும் இருக்கட்டும், ஆனால் இப்படி ஒருத்தியை விட்டுவிடாதே, அவள் சோர்ந்தால் நீயும் போய்க் கதவைத் தட்டு. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். பார்சலில் இரண்டு முறுக்குப் பொட்டலம் இருக்கிறது. ஒன்றில் உன் பெயர் எழுதியிருக்கிறேன், மற்றது அவளுக்கு, அதில் எழுதப் பெயர் தெரியவில்லை. தினமும் ஜெபத்தில் சுஜாதாவோடு வருகிறவளை ஆசீர்வதியும் என்றுதான் சொல்கிறேன். அவருக்கு யாரென்று தெரியும், எனக்குத்தான் தெரியாது. பெயரை மட்டும் எழுது மகளே.

உன் அம்மா
லீலாவதி