நீங்கள் அடைத்த வேலியைப் பற்றி எழுதிவிட்டேன்

என் அன்பு மாமாவுக்கு,

வாய்மொழித் தேர்வும் முடிந்து, ஆய்வேட்டை நேற்றுக் கொடுத்துவிட்டேன். மூன்று பிரதிகள், கறுப்பு மட்டை, முதுகில் பொன்னெழுத்து. 'காடு மற்றும் சூழற்றொகுதிப் பொறியியல் முதுமாணி' என்று முன்பக்கத்தில் போட்டிருக்கிறது. "காட்டுக்கை என்ன பிள்ளை பொறியியல்?" என்று நீங்கள் கேட்பதும், நான் மூச்சுவிடாமல் விளக்குவதும், முடிவில் "சரி, படியும், படியும்" என்று நீங்கள் சைக்கிளை எடுப்பதும் இனி இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் இப்போதுதான் என்னிடம் இருக்கிறது. யாரிடம் சொல்ல?

வாழ்த்துச் சொல்லமுன் ஒன்றைக் கேளுங்கள். நாலாம் அத்தியாயம் முழுக்க உங்கள் வேலியைப் பற்றித்தான். நல்லதாக எழுதவில்லை.

இறுப்பிட்டிக் கரையில், கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் கன்றுகளை நட்டபோது எனக்கு இரண்டு பாத்திகள் தேவைப்பட்டன. ஒன்றுக்கு வேலி, மற்றது திறந்தபடி. ஒப்பிட்டுப் பார்க்க அப்படித்தான் வேண்டும். நாலு தடி ஊன்றிப் பழைய வலையைக் கட்டினால் போதும் என்று என் மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள். "வலையோ? எங்கடை ஊர் ஆட்டைக் காணாத மனுசன் சொல்லுறார்."

அடுத்த நாளே கருக்குமட்டை வந்து இறங்கியது. பனைமட்டையை நெருக்கி நட்டு, வரிச்சுப் பிடித்து, ஓணான்கூட நுழைய இடமில்லாமல் ஒரு கிழமை நின்று அடைத்தீர்கள். யாழ்ப்பாணத்தான் மரம் வைக்கமுன் வேலி வைப்பான் என்று சும்மாவா சொல்கிறார்கள்? நமக்குக் கடலும் ஒரு வளவுதான். தண்ணீர் எப்படி ஓடும், எங்கே தேங்கும் என்று இரண்டு வருடம் படித்த நானும் பக்கத்தில் நின்று, "வடிவா இருக்கு மாமா" என்றேன். அந்தப் பிழை என்னுடையது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திறந்த பாத்தியை நினைத்துத்தான் உங்களுக்கு வெட்கம். "சனம் என்ன நினைக்கும்? மட்டை முடிஞ்சுபோச்சு, அரைவாசியிலை விட்டிட்டான் எண்டெல்லே சொல்லும்." அதையும் அடைத்துத் தருகிறேன் என்று எத்தனை தரம் கேட்டீர்கள். நல்லகாலம், அந்த விடயத்தில் மட்டும் நான் அசையவில்லை.

பிறகு மாரி தொடங்கமுன் ஒரு காலை, நெஞ்சுக்குள் நோகுது என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன வாகனம் புங்குடுதீவுப் பாலம் தாண்டமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை நான் கரைப்பக்கம் போகவில்லை. போனபோது வாடைக்காற்று நன்றாக எழும்பியிருந்தது. நாற்றம்தான் முதலில் வந்தது. காற்றும் அலையும் தள்ளிவந்த சாதாளைப் பாசி உங்கள் வேலிக்குள் ஏறியிருக்கிறது. ஏறியது இறங்க வழியில்லை. முழங்காலளவுக்குக் கறுத்து அழுகிக் கிடந்தது. கையால் விலக்கிப் பார்த்தேன். ஒரு கண்டல்கூட மிஞ்சவில்லை. திறந்த பாத்திக்குள் ஆடு வந்து போன அடையாளம் இருந்தது, சில நுனிகளைக் கடித்தும் இருந்தது. ஆனால் பாசி வந்த வழியே போயிருந்தது. பெரும்பாலான கன்றுகள் இரண்டு இரண்டு இலையோடு நின்றன.

அந்தச் சேற்றில் குந்தியிருந்து அழுதேன் மாமா. கன்றுகளுக்காக அழுதேனா, உங்களுக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அதன்பிறகு நான் செய்தது உங்களுக்குப் பிடித்திருக்காது. 'வழமையைவிடக் கடுமையான மாரி காரணமாகக் கன்றுகள் அழிந்தன' என்று எழுதினேன். பச்சைப் பொய். ஒரே கரை, ஒரே மாரி, பக்கத்துப் பாத்தி உயிரோடு நிற்கிறது. அதைப்பற்றி ஒரு வரியும் எழுத முடியாமல் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பாலத்தின் இரண்டு பக்கமும் கண்டல் நடப்போகிறார்களாம். நீங்கள் வேலியோடு நிற்கும் பழைய படத்தை எங்கேயோ பார்த்திருக்கிறார்கள். அதே வேலியைக் கரை முழுக்க அடைத்து, உங்கள் பெயரில் ஒரு பலகையும் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். மாமியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் போனபிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். கனடாவில் இருக்கும் உங்கள் தங்கச்சி வரைக்கும் செய்தி போய்விட்டது.

நான் வாயைத் திறக்காவிட்டால் கரை முழுக்கக் கண்டல் அழுகும். திறந்தால் மாமியின் சிரிப்புப் போகும். நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?

குசினிக்குள் போய்ச் சொன்னேன். "மாமி, மாமான்ரை வேலியாலைதான் கண்டல் எல்லாம் செத்தது." திருவிக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் மூடி இருந்தது. என் கணவர், உங்கள் மகன், நடுவில் நின்று முழிசினார். அவரைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே.

மூன்றாம் நாள் காலை, "வாரும், எனக்குக் காட்டும்" என்றார். கரைக்குக் கூட்டிப் போனேன். மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி, வேலியின் உள்பக்கம் ஒட்டியிருந்த பாசியைப் பிய்த்துப் பார்த்தார். பிறகு திறந்த பாத்திக்குப் போய் ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இறுக்கித்தான் கட்டியிருக்கிறார் மனுசன்" என்றார்.

கையில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டே, "எழுதும் பிள்ளை. ஆனால் அவரின்ரை பேரை அதிலையிருந்து எடுத்துப்போடாதையும்" என்றார்.

"இதிலை என்னெண்டு மாமி பேரைப் போடுறது? பிழையெல்லே?"

"பிழை எண்டாலும் அவரின்ரை கையாலை செய்தது. பேரை ஒளிச்சால், அவர் அதிலை நிக்கவே இல்லை எண்டு போயிடும்."

அன்றைக்கே மழைக் கதையை அழித்தேன். நாலாம் அத்தியாயத்தை முதலில் இருந்து எழுதினேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், "வேலியே பயிரை மேய்ந்த கதைதானே இது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "இப்படி அடைக்க யார் தீர்மானித்தது?" என்று பிறகு கேட்டார். "நானும் என் மாமாவும்" என்றேன். வேலி ஏன் பிழையாய்ப் போனது, நீருக்கு எங்கே வழி விட்டிருக்க வேண்டும் என்று வரைந்து காட்டினேன். அதற்குப்பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த நிறுவனத்துக்கும் நானே போய்ச் சொன்னேன். பலகைத் திட்டத்தைக் கைவிட்டார்கள். வேலி இல்லாமல் நடுவதற்கு ஒரு வரைபடம் கேட்டார்கள், கொடுத்தேன். உங்கள் பெயர் கரையில் ஏறவில்லை மாமா. ஆனால் என் ஆய்வேட்டில், செத்த பாத்தியின் படத்துக்குக் கீழே, என் பெயரோடு சேர்ந்து இருக்கிறது. நூலகத்தில் அதை எடுத்து விரிக்கும் எந்தப் பிள்ளையும் நம் இருவரையும் சேர்த்தே திட்டட்டும்.

வருகிற மாரிக்கு நடுகை. ஆட்டுக்காரர் வீடுகளுக்குப் போய்க் கண்டல் வேர் பிடிக்கும்வரை ஆடுகளைக் கட்டி வைக்கும்படி கேட்டு வருகிறேன். சிலர் ஓம் என்றார்கள், சிலர் கதவே திறக்கவில்லை. திரும்பப் போவேன். ஆடு தின்றால் திரும்ப நடுவேன். அதையும் தின்றால் அதற்கு மேலும் நடுவேன். அந்தக் கரையில் ஒரு மட்டைகூட ஊன்ற விடமாட்டேன், இது உங்களுக்குத் தரும் வாக்கு. கோபமென்றால் கனவில் வந்து ஏசுங்கள் மாமா, எவ்வளவு நேரமென்றாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். வரைபடத்தை மட்டும் மாற்ற மாட்டேன்.

உங்கள் சொல்லைக் கேட்காத மருமகள்,
தர்சினி