இரண்டு கிரேடியன்ட்

சென்னை, 9.7.1984

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி வேலாமணி எழுதுவது. விடுதிச் சாம்பாரைத் தவிர வேறு குறையில்லை. மேலே ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருக்கிறது, மூன்று வருஷம். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் வார்த்தைக்காகத் தவிக்கிறேன், தூக்கமே இல்லை. எதைப் பற்றிய படிப்பு என்று கேட்டிருந்தீர்களே, கிரேடியன்ட் பற்றி. உடனே பதில் போடுங்கள்.

உங்கள்
வேலாமணி

ஓவேலி, 14.7.1984

அன்புள்ள வேலாமணிக்கு,

கிரேடியன்ட்தானா? என்னவோ ஏதோ என்று பயந்தேன். எஸ்டேட்டில் தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது தினமும் சொல்கிற வார்த்தையாயிற்றே. மண்ணை அரிக்காமல் மழைத்தண்ணீர் மெல்ல வடிகிற சரிவு. மேனேஜரிடம் பெருமையாகச் சொன்னேன். ஆபீசில் உனக்கு வேலை தருகிறாராம், சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கும் தலைமை ஃபீல்டு ஆபீசர் பதவி வருகிறது. இன்னும் மூன்று வருஷம் தனியாக மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. கிளம்பி வா.

நல்லசாமி

சென்னை, 19.7.1984

மாமா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். என்னைக் கேட்காமல் எனக்கு எப்படி வேலை வாங்கினீர்கள்? என் கணக்குப் படிப்பில் வருகிற கிரேடியன்ட் உங்கள் கான் இல்லை. தேயிலை வரிசையோடு நடந்தால் மேடுமில்லை, பள்ளமுமில்லை. வரிசைகளைக் குறுக்கே வெட்டி நேராக மேலே போனால் மூச்சு வாங்குமே, நிற்கிற இடத்திலிருந்து மிக வேகமாக ஏறுகிற அந்தத் திசைதான் என் கிரேடியன்ட். கொஞ்சம் நகர்ந்தால் திசை மாறும், மறுபடி தேட வேண்டும். வரிசையோடு நடக்க என்னால் முடியாது மாமா. உங்களை விட்டு இருக்கவும் முடியவில்லை. பைத்தியம் பிடிக்கிறது.

வேலாமணி

ஓவேலி, 24.7.1984

வேலாமணிக்கு,

கோபம் எனக்கும்தான். இருந்தாலும் உன் கணக்கைச் செய்து பார்த்தேன். எதிரே ஒன்றும் தெரியாத மூடுபனியில், எந்தப் பக்கம் அதிகம் ஏறுகிறதென்று காலால் தடவித் தடவி ஏறினேன். ஓரிடத்தில் நாலு பக்கமும் இறக்கம். உச்சிக்கு வந்துவிட்டேன் என்று பீடி பற்ற வைத்தேன். பனி விலகியதும் பார்த்தால் நான் நின்றது சின்னக் கரடு. பெரிய மலை ஓடைக்கு அந்தப்பக்கம். இதற்கு உன் புத்தகத்தில் என்ன வழியோ, எனக்கு இறங்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

உன் ஆபீஸ் வேலையும் வேண்டாம், என் பதவியும் வேண்டாம், எஸ்டேட்டை விட்டே போகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "ஏனுங்க நல்லசாமி, சம்சாரத்துக்காகவா வர்ற பதவிய உடறீங்க?" என்றார். ஆமாங்க என்றேன். சென்னையில் என்ன செய்வேனோ, அந்த வெயிலை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

நீ கையெழுத்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை நான் இறங்கி வருகிறேன்.

நல்லசாமி