குறவுண்டோ

மதினி,

தேயிலை ஃபேக்டரி டிரையரில் சுட்டுக்கொண்ட கைக்குக் கட்டு மாற்ற இன்று ஏலப்பாறை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்ஸ் மலையாளத்தில், "குறவுண்டோ?" என்றாள். நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள்.

கம்பத்திலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறி வந்தீர்கள். இத்தனை வருடம் கொழுந்து கிள்ளியும் மலையாளம் உங்களுக்கு ஒட்டவில்லை. கழுத்தில் தைராய்டு புற்று. அறுத்தார்கள், அயோடின் கொடுத்தார்கள். நுரையீரலுக்குப் பரவிய பிறகு மாத்திரை எழுதினார்கள்.

"கண்டபடி அடிக்கிற மருந்து இல்ல மதினி. கட்டிய வளரச் சொல்ற சிக்னல மட்டும் கட் பண்ணும்."

"மெஷினுக்குப் பாத்தது போதாதுன்னு எனக்கும் ஃபிட்டர் வேலைக்கு வந்துட்டீகளாக்கும்? கொழுந்து கிள்ளுறவளுக்கு வாய்ச்ச கொழுந்தன் இப்பிடி முத்தலாப் போச்சே."

முதல் செக்கப்பில் பெரிய ஆஸ்பத்திரி நர்ஸும் இதே 'குறவுண்டோ'தான் கேட்டாள். ஏதும் குறை உண்டா என்று கேட்பதாக நினைத்து, "ஒரு கொறவும் இல்லம்மா" என்றீர்கள், மரியாதையாக. அவள் கேட்டது நோய் குறைந்திருக்கிறதா என்று; குறையவில்லை என்று எழுதிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சுகம் உண்டான்னு கேக்காங்க மதினி. உண்டுன்னு சொல்லுங்க."

"கொறவு இருந்தாத்தான் சுகமா? நல்லா இருக்கு இவுக பாஷை."

அன்று ஸ்கேனிலும் கட்டி சுருங்கித்தான் இருந்தது. டாக்டரும் சிரித்தார்.

பிறகு மருந்தின் வேகத்தில் உள்ளங்கை கொப்பளித்து உரிந்தது. கொழுந்து கிள்ளிய விரலால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள். கொஞ்ச நாளில் கட்டி அந்த மாத்திரைக்குப் பழகிக்கொண்டது. வேறு மாத்திரை இருக்கிறது, ஆனால் அது பிடிக்க வேண்டிய மரபணு மாற்றம் உங்கள் கட்டியில் இல்லை என்று டெஸ்டில் வந்தது. "அப்புறம் என்ன செய்வீங்க?" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

கடைசியாகப் போனபோதும் அதே நர்ஸ். "குறவுண்டோ சேச்சி?"

"இல்ல," என்றீர்கள். குரல் போய் வெறும் காற்றுதான் வந்தது. திருத்த வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். இந்த முறை அவள் எழுதியது சரி.

மலையேறும் பஸ்ஸில் கேட்டேன்: "மதினி, அந்த 'இல்ல' தமிழா, மலையாளமா?"

சிரித்தீர்கள். சத்தம் வரவில்லை. நான் பார்த்த உங்கள் கடைசிச் சிரிப்பு அதுதான்.

இன்று ஏலப்பாறை நர்ஸ் இன்னொரு முறை கேட்டாள். "உண்டு," என்றேன். உங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த சொல். என் கைக்குத்தான் பொருந்தியது.