பீரோ கண்ணாடிக்குள் மயில்

காசிமேடு
2-6-2025

அன்புள்ள பேத்தி மதிக்கு ஆயா வேம்பு எழுதுவது. இங்கு நான் சுகம், என் முட்டிதான் சுகமில்லை.

பெங்களூரில் நீ கம்ப்யூட்டரில் செய்கிற மயிலை என் போனில் மூன்று தடவை பார்த்தேன். போன் வழியாகப் பார்த்தால் அது நம் வீட்டுத் தரையில் நிற்கும் என்றாய். பீரோ கண்ணாடிக்குள் போய் நிற்கிறது. பக்கத்து வீட்டு ஆலிஸ், "இன்னா ஆயா, மயில் உன்னப் பாத்து பயந்துக்கினு உள்ள பூட்ச்சா?" என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

ஆயா

பெங்களூர்
5-6-2025

அன்பு ஆயா,

கண்ணாடிக்குள் இன்னொரு அறை இருப்பதாகக் கேமரா ஏமாந்துபோகும். அதனால்தான் சத்தத்தைச் சேர்த்தேன். நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தைப் போன் எழுப்பும். அது கண்ணாடியில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து, அங்கே தடுப்பு இருப்பதைக் கண்டுபிடிக்கும். பதினெட்டு வீடுகளில் சரியாக வந்தது, நம் வீட்டில் மட்டும் வரவில்லை. பதின்மூன்றாம் தேதிக்குள் காரணம் சொல்லாவிட்டால் இந்த ஆராய்ச்சியையே நிறுத்திவிடச் சொல்கிறார் பேராசிரியர். இரண்டு வருட உழைப்பு, ஆயா.

போனில் கேட்டால் "நல்லாத்தான் பண்ணேன்" என்று முடித்துவிடுவாய். எழுத்தில் உனக்குப் பொய் வராது. மயிலை எப்படிப் பார்த்தாய் என்று ஒன்று விடாமல் எழுது.

மதி

காசிமேடு
9-6-2025

மதி கண்ணு,

என்னை நன்றாக மடக்கினாய்.

நீ உன் முதல் உதவித்தொகையில் வாங்கித் தந்த போன். மீன் விற்கிற கை, ஐஸ் தண்ணி பட்டு வீணாகிவிடுமே என்று, கடலுக்குப் போகிறவர்கள் செய்வதுபோல் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறேன். பேசுவதும் அதோடுதான். மயிலையும் அதோடுதான் பார்த்தேன்.

இன்று கழற்றிப் பார்த்தேன். மயில் கண்ணாடிக்கு முன்னால், மீன் கூடை பக்கத்தில் நிற்கிறது. உன் இரண்டு வருஷத்தை நான் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டேன். திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். இதைக் கூரியரில் போடுகிறேன்.

ஆயா

பெங்களூர்
14-6-2025

அன்பு ஆயா,

திட்ட நேரமில்லை. உன் கடிதத்தைப் பேராசிரியருக்குப் படித்துக் காட்டினேன். கேண்டீனில் கவர் வாங்கிவரச் சொல்லித் தன் போனையே கட்டினார். மயில் அங்கிருந்த கண்ணாடிக்குள் போனது. சத்தம் கவரிலேயே முட்டித் திரும்பிவிடுகிறது. மழை வந்தால் பாதி ஊர் போனைக் கவரில்தான் வைக்கும், அதிலும் வேலை செய்ய வை என்று இன்னும் ஒரு வருடம் தந்திருக்கிறார்.

கட்டுரையில் உதவியவர்களின் பெயரோடு படிப்பையும் போடுவோம். உன்னை எப்படிப் போடட்டும்?

மதி

காசிமேடு
18-6-2025

மதி கண்ணு,

வேம்பு, ஐந்தாம் வகுப்பு. அப்படியே போடு. "பத்தாவதுன்னு சொல்லு ஆயா, யாரு வந்து பாக்கப் போறா" என்றாள் ஆலிஸ். "போடி, அஞ்சாவது கட்டுன கவர்லதான் அத்தினி பெரிய படிப்பும் மாட்டிக்கினு கீது" என்றேன். மீன் வாங்க வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது. வஞ்சிரத்துக்குப் பேரம் பேசக்கூட மறந்துபோய்க் கேட்டார்கள்.

போனை மறுபடியும் கவரில் கட்டிவிட்டேன். தினம் ஒரு தடவை பார்க்கிறேன், இன்னும் உள்ளேதான் நிற்கிறது. நீ நிதானமாகச் செய். நான் கவரைக் கழற்றப் போவதில்லை, மயில்தான் வெளியே வர வேண்டும்.

உன் ஆயா
வேம்பு, ஐந்தாம் வகுப்பு