சிவப்புப் பொட்டு விழுந்த பக்கம்

இன்று காலை வகுப்பு அலமாரியைத் திறந்ததும் மெஷின் எண்ணெயும் மார்க்கர் மையும் கலந்த உன் வாசனை வந்தது. உன் கம்பெனியில் கழித்துப்போட்ட அட்டைப்பெட்டிகளை வெட்டி நீ செய்த பன்னிரண்டு படப் புத்தகங்களும் அங்கேயேதான் இருக்கின்றன. திங்கட்கிழமைக்குள் எடுத்துவிடச் சொன்னார்கள். இன்று புதன்.

மாநில எல்லையோரத்து மூக்கண்டப்பள்ளியில் நாம் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் தொடங்கியது இது. ஒரே ஒலியில் இரண்டு பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை இரண்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். தெலுங்கு வீட்டுப் பிள்ளை, கன்னட வீட்டுப் பிள்ளை, தமிழ் வீட்டுப் பிள்ளை. எந்த மொழியில் விளக்கினாலும் பாதி வகுப்பு விழித்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நீ, "வாயால சொல்லாத டீச்சரம்மா, படமாக் காட்டு" என்றாய். எனக்கு வரைய வராது. உனக்கு ஆங்கிலம் வராது. "அதுதான் நல்லது. எனக்கே வெளங்கிருச்சுன்னா பசங்களுக்கு வெளங்காதா?"

கம்பெனியில் பாகங்களைச் சோதித்து, தேறியதற்குப் பச்சைப் பொட்டும் தேறாததற்குச் சிவப்புப் பொட்டும் ஒட்டுவது உன் வேலை. அதையே புத்தகத்துக்கும் கொண்டுவந்தாய். முதலில் படம் மட்டும், எழுத்து கடைசியில். ஞாயிற்றுக்கிழமை நம் அறைக்கு வரும் பிள்ளைகளில் மூன்று மொழிக்காரர்களும் அது என்னவென்று சொல்லிவிட்டால் பச்சை. ஒருவர் தடுமாறினாலும் சிவப்பு. ஒட்டுவதும் பிள்ளைகளே. 'நட்' பக்கத்தில் ஒருபுறம் முந்திரி, மறுபுறம் போல்ட்டில் மாட்டும் நட்டு. பச்சை உடனே விழுந்தது.

பூவுக்கும் மாவுக்குமான 'ஃபிளவர்' பக்கம்தான் மாட்டிக்கொண்டது. நீ மாவு மூட்டை வரைந்திருந்தாய். "சிமெண்டு மிஸ்" என்று ஒருத்தி சிவப்பை அழுத்தி ஒட்டினாள். நான் விளக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "ரிஜெக்ட்டுன்னா ரிஜெக்ட்டுதான். அவகிட்ட என்னாத்துக்குச் சண்ட? அடுத்த வாரம் வேற வரையறேன்."

நான்கு நாள் காய்ச்சல். அந்த அடுத்த வாரம் உனக்கு வரவில்லை.

போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்தார். "நாங்கதான் நட்டு முடுக்கியே தேஞ்சு போறோம். எம் பொண்ணும் ஸ்கூலுக்கு வந்து அதையே பாக்கணுமா மிஸ்ஸு?" அந்தக் கேள்வியில் இருந்த வலி எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்: "உங்க பொண்ணு வகுப்புல வாயத் தொறந்ததே அந்தப் பக்கத்தப் பாத்துதாங்க. எங்கப்பா செய்யறதுன்னு எந்திரிச்சு நின்னா." அவர் உட்கார்ந்துவிட்டார். தாளாளர் விடவில்லை. "எண்ணெக் கறை புடிச்ச அட்டைம்மா. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? புதுசு வாங்கியாச்சு."

அந்தப் பளபளப்பான புதுப் புத்தகத்தையும் பிள்ளைகளிடம் கொடுத்தேன், உன் பொட்டுகளோடு. 'நைட்' பக்கத்தில் இரவுக்கு எதிரே இருந்த, இரும்புக் கவசம் போட்ட குதிரை வீரனை ஒருவன் ரோபோ என்றான். இன்னொருத்தி, "ஹெல்மெட் மாமா" என்றாள். மூன்றாவது பிள்ளை வாயே திறக்கவில்லை. சிவப்புப் பொட்டோடு அதைத் தாளாளர் மேசையில் வைத்தேன். ஆசிரியர் அறையில் ஒரு மூலையில் புத்தகமும் நானுமாக இருப்பவள் நான், உனக்குத் தெரியும். அன்று என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பழசை எடுக்கணும்னா நீங்களே வந்து எடுங்க சார். என் கையால எடுக்க மாட்டேன்."

இதுவரை அவர் வரவில்லை. வந்தால் அலமாரி முன்னால் நிற்பேன்.

இன்று மதியம் அந்தப் பக்கத்தை நானே வரைந்தேன். மாவு மில்லில் நிற்கும் ஆள், புருவம் வரை வெள்ளை. அதே சிமெண்டுக்காரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"பேயி, மிஸ்."

சிவப்பு ஒட்டினாள். நான் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. உன் பொட்டுச் சுருளில் பாதி இன்னும் என் பையில் இருக்கிறது. நாளைக்கு வேறு வரைவேன்.