தேங்காய் திருவும் கொம்பியூட்டர்

05.02.2007, திங்கள்
விடிய ஐந்தரைக்குக் கொம்பியூட்டரில் கலியாணக் கார்ட் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தேன். கந்தோர் வேலைக்குப் போகுமுன் இப்படி அடித்தால்தான் அறை வாடகை வரும். ஹார்ட் டிஸ்க் வழக்கம்போலக் கறகறத்தது. கீழே இருக்கும் வீட்டுக்கார இரத்தினம்மா அன்ரி ஏறி வந்துவிட்டார். அறையில் சமைக்கக்கூடாது என்பது அவர் சட்டம். கட்டிலுக்கடியில் குனிந்து தேங்காய்த் திருவலையைத் தேடுகிறார்! கொம்பியூட்டர் சத்தம் என்றேன்.

"காதிலை பூச்சுத்தாதையும் பிள்ளை. தேங்காய் திருவுற சத்தம் எனக்குத் தெரியாதோ?"

மாத முடிவுக்குள் சத்தம் நிற்கவேண்டும், அல்லது நான் கிளம்பவேண்டுமாம். யாழ்ப்பாண அடையாள அட்டையோடு வெள்ளவத்தையில் இன்னோர் அறையா? மறுபடி பொலிஸ் பதிவு, மறுபடி ஆயிரம் கேள்வி. ஐயோ, வேண்டாம்.

08.02.2007
கொம்பியூட்டருக்குக் கீழே தலை துவட்டும் துவாயை மடித்து வைத்தேன். அன்ரி கீழேயிருந்து கேட்கிறார், தேங்காய் இன்னும் முடியவில்லையா என்று.

10.02.2007, சனி
மருதானை, றவூப் நானாவின் கொம்பியூட்டர்க் கடை. நாற்பது ஜீபி போதும், விலை குறைவாக, வாய் திறக்காத டிஸ்க் வேண்டும் என்றேன்.

"இந்த ரோட்டு இரைச்சல்ல எல்லா டிஸ்க்கும் ஊமைதான், தங்கச்சி."

அமைதியான இடம் கடைக்குப் பின்னாலிருந்த கக்கூஸ் மட்டும். கடைக் கொம்பியூட்டரை அங்கே வைத்து, ஒவ்வொரு டிஸ்க்காக மாட்டித் தந்துவிட்டு நானா வெளியே நின்றார். நான் கதவைச் சாத்திக் காதைக் கொடுத்தேன். முதலாவது விசிலடித்தது. இரண்டாவது தேங்காய் வம்சம். மூன்றாவது ஓடுகிறதா என்றே தெரியவில்லை, தொட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. அவசரக்காரர் ஒருவர் கதவைத் தட்டியபடியே நின்றார். நான் ஆற அமரத்தான் வெளியே வந்தேன்.

மூன்றாவதை வாங்கிவிட்டேன். இந்த மாதம் புதுச் செருப்பு இல்லை, அவ்வளவுதான்.

12.02.2007
ஐந்தரைக்கு அடித்தேன். மேலேயும் சத்தமில்லை, கீழேயும் இல்லை. வென்றுவிட்டேன்!

13.02.2007, செவ்வாய்
கார்ட் வேலை முடிந்த சந்தோஷத்தில் ஏழரை வரை நித்திரை. இறங்கி வந்தால் அன்ரி வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்கே போனார் இந்த மனுசி?

எட்டு மணிக்கு ஓட்டோவில் வந்து இறங்கினார். வீட்டில் கட்டும் பழஞ்சேலை. கையில் என் பொலிஸ் பதிவுத் துண்டு. என்னைக் கண்டதும் ஏசத் தொடங்கினார். விடியவே எங்கள் தெரு ஒழுங்கை முனையில் பொலிஸ் ஜீப் நின்றதாம். மேலே இரண்டு நாளாகச் சத்தமே இல்லை. கதவைத் தட்டியும் நான் எழும்பவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து நேரே பொலிசுக்குப் போய், தெரிந்த அரைச் சிங்களத்தில் என் பெயரைச் சொல்லி, ஜெகதீஸ்வரியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சண்டை பிடித்திருக்கிறார்.

"ஐஞ்சரைக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான், பிள்ளை மேலை இருக்கு எண்டு எனக்கு நிம்மதி," என்றார்.

பிறகு ஏன் என்னை அறையை விட்டுக் கிளம்பச் சொன்னாராம்? கேட்க வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார்.

17.02.2007, சனி
பழைய டிஸ்க்கையும் கொம்பியூட்டர்ப் பெட்டிக்குள் மாட்டிவிட்டேன். அதில் எதுவுமே இல்லை. தினமும் ஐந்தரைக்கு ஐந்து நிமிடம் அதைக் கறகறக்க விடுகிறேன்.

கீழேயிருந்து குரல் வரும்: "போதும் பிள்ளை, தேங்காய் முடிஞ்சுது."

நிற்பாட்டுவேன்.